உப்புத் தண்ணிக்கு உப்பு எதற்கு?

பாத்திரம் கழுவுவதில் எனக்குத் திறமை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க ஊரார் மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு வீடு திரும்பியவன் இன்னொரு கண்ணாடியைத் தொட்டால் கை தானாகவே வேலைநிறுத்தம் செய்துவிடும். நான் கழுவிய டம்ளரை விருந்தாளிகள் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு தாகமே இல்லை என்பார்கள்.

ஆனாலும் நான்தான் கழுவ வேண்டியிருந்தது. காரணம் என் மனைவியின் விரல்கள்.

அவள் மணப்பெண் உடைகள் தைக்கும் கடையில் கைத்தையல் பார்ப்பவள். மெஷின் போகாத இடத்துக்கெல்லாம் அவள் ஊசி போகும். கழுத்தோரம் முத்துக் கோப்பதும், பட்டின் ஓரத்தை மடித்துத் தையல் வெளியே தெரியாமல் ஒளிப்பதும் அவள் கைதான். அந்தக் கையிடம்தான் பாத்திரச் சோப்பு தன் வேலையைக் காட்டியது. விரல் நுனிகள் வெடித்துத் தோல் செதில் செதிலாக எழும்பி நின்றது. ஒருநாள் வெள்ளைப் பட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். தோல் சிக்கி, ஒரு சாண் நீளத்துக்கு இழை கையோடு வந்துவிட்டது. கடைக்காரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இந்த மாசம் முடியட்டும்மா, பார்க்கலாம். கை சரியாகலைன்னா பொத்தான் மேசைக்கு மாறிக்கோ" என்றார்.

பொத்தான் மேசை என்பது பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரிக்கிற இடம். பதினெட்டு வருடம் பட்டில் ஊசி ஓட்டியவளை அங்கே உட்காரவைப்பது, பாட்டுக்காரியைக் கூப்பிட்டு மைக் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கச் சொல்வதற்குச் சமம்.

தோல் டாக்டர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "களிம்பெல்லாம் அப்புறம். முதல்ல சோப்புத் தண்ணி படவே கூடாது" என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். பவர் மாறியிருந்தது. ஆனால் அதைச் சொல்ல அது சமயமில்லை.

அன்று முதல் நான் கழுவினேன். ஒரே வாரத்தில் கை இன்னும் மோசமானது. என் கை இல்லை, அவள் கை. துப்புத் துலக்கியதில், நான் கழுவிக் கவிழ்த்ததையெல்லாம், காலையில் நான் குளிக்கிற நேரம் பார்த்து அவள் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"ஏம்மா இப்படிப் பண்றே?"

"நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டுக் கழுவறீங்க. கரண்டியில முட்டை அப்படியே ஒட்டிட்டு இருக்குன்னு எப்படிங்க சொல்றது? மனசு கஷ்டப்படுவீங்க."

"அதுக்காக?"

"அதான் சொல்லலை. கழுவிட்டேன்."

இந்த மாதிரி அன்பை எதிர்த்து மனிதனால் எதுவும் செய்ய முடியாது. ஒரு இயந்திரத்தால்தான் முடியும். டிஷ்வாஷர் வாங்கினோம்.

பொருத்த வந்தவர் குழாயை இணைத்தார், கதவைத் திறந்து காட்டினார், பிறகு துக்க வீட்டுக்கு வந்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், இதுக்கு மூணு வாய். கதவுல இருக்கிறது சோப்புக்கு. பக்கத்துல இந்தச் சின்னது ரின்ஸ் எய்டுக்கு. அதாவது கடைசியா அலசும்போது தண்ணி திட்டுத் திட்டா நிக்காம வழிஞ்சு ஓடணும்ல, அதுக்கான மருந்து. கீழ தரையில திருகு மூடி போட்டிருக்கு பாருங்க, அது உப்புக்கு. மூணும் போட்டாத்தான் ஓடும்."

"போட்டுடலாம். கடையில கிடைக்கும்ல?"

"கிடைக்கும் சார். ஆனா…" என்று மூன்று மூடிகளையும் காட்டினார். ஒவ்வொன்றின் மேலும் நூல் சுற்றி, சிவப்பு அரக்கு ஊற்றி, முத்திரை குத்தியிருந்தது. "பாத்திரங்கழுவி நெறிமுறை வாரியம். அவங்க அனுமதிச் சீட்டு இருந்தாத்தான் இதைப் பிரிக்கலாம். சீட்டு இருந்தாத்தான் கடையில உப்பும் குடுப்பான்."

"இதுவரைக்கும் யாருக்காவது சீட்டு கிடைச்சிருக்கா?"

"நான் பொருத்தறதோட சரி சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது.

வாரியத்தின் கட்டடம் நான்கு மாடி. வாசலில் 'தூய்மை, முறைப்படி' என்று எழுதிய பலகை. பலகையின் மேல் நல்ல தூசி. முதல் மாடியில் கழுவுபொருள் பிரிவு, அதாவது சோப்பு. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பருத்த, சந்தோஷமான மனிதர். ஒரு படிவத்தை நீட்டினார்.

"பாத்திரங்களைப் பத்தி விவரமா எழுதுங்க சார். அவசரப்படாதீங்க."

படித்தேன். முதல் கேள்வி: 'முதன்மைப் பாத்திரம் யார்?' இரண்டாவது: 'துணைப் பாத்திரங்கள் யாவை? அவர்களுக்குள் உறவு என்ன?' மூன்றாவது: 'வில்லன் பாத்திரம் உண்டா? உண்டெனில் எந்தக் காட்சியில் தோன்றுகிறது?'

"சார், இது நாடகத்துக்கு உள்ள படிவம் மாதிரி இருக்கே?"

"ஆமா, நாடகத்துக்கு உள்ளதுதான். முன்னால இங்க நாடகங்களுக்கு அனுமதி குடுக்கிற ஆபீஸ் இருந்தது. அது மூடினப்ப நாலாயிரம் படிவம் மிச்சம். தலைப்புல 'பாத்திரங்கள்'னு இருக்கு, நமக்கும் பாத்திரங்கள்தான். எதுக்கு வீணாக்கணும்?"

சிக்கனத்தை மதிப்பவன் நான். உட்கார்ந்து எழுதினேன். முதன்மைப் பாத்திரம்: குக்கர். துணைப் பாத்திரங்கள்: தட்டு ஆறு, கிண்ணம் எட்டு, ஒரே கடையில் பிறந்த சகோதரர்கள். வில்லன்: பால் பொங்கி அடிப்பிடித்த சட்டி. தோன்றும் காட்சி: காலை, நான் செய்தித்தாள் படிக்கும்போது. கடைசிக் கேள்வி, 'முடிவில் பாத்திரங்களுக்கு என்ன நேர்கிறது?' 'கவிழ்த்து வைக்கப்படுகிறார்கள்' என்று எழுதினேன்.

அதிகாரி ரசித்துப் படித்தார். வில்லனிடம் வந்ததும் நிறுத்தினார்.

"இவன் கடைசியில திருந்தறானா?"

"வெந்நீர்ல ஊறப்போட்டா கொஞ்சம் திருந்துவான் சார்."

"அப்ப பவுடர் போதும். ஜெல் மென்மையான பாத்திரங்களுக்கு. திருந்தவே மாட்டேங்கிறவனுக்குத்தான் மாத்திரை. மரக்கரண்டி இருக்கா?"

"இருக்கு."

"அதை உள்ள போட்டா வெடிச்சுடும். முதல் காட்சியிலேயே செத்துப்போச்சுன்னு எழுதிடுங்க."

என் வாழ்நாளில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் இவ்வளவு சீக்கிரம் முத்திரை விழுந்ததில்லை. அவர் எழுதிக் கொடுத்த வரி இது: 'கழுவுபொருள் அனுமதிக்கப்படுகிறது, உப்பும் அலசுதுணைத் திரவமும் அனுமதிக்கப்பட்டால்.' அலசுதுணைத் திரவம் என்றால் நம்ம ரின்ஸ் எய்ட்தான். வாரியத்துக்குள் நுழைந்தால் அதற்குப் பட்டுவேட்டி கட்டிவிடுவார்கள்.

இரண்டாம் மாடி உப்புப் பிரிவு. அங்கே ஓர் அம்மா. கண்டிப்பான முகம், தோளில் கனமான தோல்பை, கையில் வெள்ளைத் துணி உறை. அலுவலகத்தில் எதற்கு உறை என்று தோன்றியது. கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே எனக்கு அதிகாரம் இல்லை.

"வீட்டுத் தண்ணி எப்படி?"

இந்த ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் எங்கள் குடும்பத்தை இரண்டு வாரம் அலைக்கழித்தது. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"சுத்த உப்புத் தண்ணி மேடம். வாயில வைக்க முடியாது. வாளி, குழாய், டம்ளர் எல்லாம் வெள்ளையாப் பூத்துப்போகுது. பயங்கர உப்பு."

அவர் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். "விண்ணப்பதாரரின் தண்ணீரில் ஏற்கெனவே பயங்கர உப்பு உள்ளது. ஆகவே உப்பு வழங்கத் தேவையில்லை. நிராகரிக்கப்படுகிறது."

"ஐயோ மேடம், அது பேச்சுக்கு உப்புன்னு சொல்றது! உண்மையில அது சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பை எடுக்கத்தான் இந்த உப்பு."

"உப்பை எடுக்க உப்பா?"

"அது வேற உப்பு, இது வேற உப்பு!"

"நீங்க உப்புன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"நான் எழுதிட்டேன்."

"திருத்தலாமே?"

அவர் பேனாவை மூடினார். "சார், இந்தப் பிரிவு ஆரம்பிச்சு பதினாலு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூடத் தப்பா உப்பு போனதில்லை. அந்தப் பேரை நாங்க காப்பாத்திட்டு வர்றோம்."

"சரியா எத்தனை பேருக்குப் போயிருக்கு மேடம்?"

"போனதே இல்லைங்கறேன். அப்புறம் எப்படித் தப்பாப் போகும்?"

மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

அலசுதுணைத் திரவப் பிரிவின் அதிகாரி ஒல்லியான, சோகமான மனிதர். ஜன்னலோரமாக நாற்காலி போட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கறை படிஞ்ச கண்ணாடி டம்ளர் ஒண்ணு கொண்டுவாங்க. இயந்திரத்துல கழுவினப்புறம் படிஞ்ச கறையா இருக்கணும்."

"இயந்திரம் ஓட உங்க அனுமதி வேணுமே சார்."

"அனுமதிக்குக் கறை வேணுமே சார்."

சற்று நேரம் இருவரும் ஒருவரை ஒருவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டோம். மறுநாள் நானே கையால் கழுவிய டம்ளரைத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். கறைக்குப் பஞ்சமே இல்லை. அவர் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மூச்சை உள்ளே இழுத்தார்.

"எவ்வளவு அடர்த்தி! இது யார் கைவேலை?"

"என்னுதுதான் சார்."

"கறை இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இது தண்ணீரோட கறையா, உங்களோட கறையாங்கறதுதான் கேள்வி. ஒரு பொருள் பளபளன்னு இருந்துட்டா, நாளைக்கு எல்லாமே பளபளன்னு இருக்கணும்னு மக்கள் எதிர்பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. இந்த ஜன்னல், இந்த மேசை, நாங்க… எங்க போய் நிக்கும்? பளபளப்புங்கறது பொறுப்பு சார். அதைத் துளித் துளியாத்தான் விடணும்."

டம்ளரைச் சாட்சிப் பொருளாக எடுத்து வைத்துக்கொண்டார். வீட்டில் ஒரு டம்ளர் குறைந்தது. கழுவுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தமில்லை.

பத்து நாள் போயிற்று. நான் கழுவினேன், அவள் மறுபடி கழுவினாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தால் அவள் பேச்சை மாற்றினாள். உறை போட்டுக்கொள் என்றால், உள்ளே வியர்த்து எரிகிறது என்றாள். ஒருநாள் மாலை அவள் கூடத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பிடித்த இடத்தில் வலித்தது போலிருக்கிறது, விட்டுவிட்டாள். மறுபடி எடுத்தாள். மறுபடி விட்டாள்.

"பொத்தான் மேசையும் ஒண்ணும் மோசமில்லைங்க. ஃபேன் காத்து வரும்" என்றாள்.

நான் சமையலறைக்குப் போய், வேலை செய்யாத அந்த இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சற்று நேரம் நின்றேன். பிறகு பொருத்தியவருக்குப் போன் செய்து, எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளில் கெஞ்சினேன்.

"சார், ஒண்ணு சொல்றேன், என் பேரை இழுக்காதீங்க" என்றார் அவர். "மூணும் ஒண்ணாச் சேர்ந்த மாத்திரைன்னு ஒண்ணு இருக்கு. சோப்பு, உப்பு, ரின்ஸ் எய்டு, எல்லாம் அதுக்குள்ளேயே. என்கிட்ட மாதிரிக்கு ஒண்ணு கிடக்கு, தர்றேன். அதைக் காட்டி, ஒரே அனுமதி போதும்னு கேட்டுப் பாருங்க."

மாத்திரை ஒரு தீப்பெட்டி அளவு. வெள்ளை, நீலம், நடுவில் சிவப்பு உருண்டை. மறுநாள் காலை அதைக் கழுவுபொருள் அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

அவருடைய சந்தோஷமெல்லாம் முகத்திலிருந்து வடிந்துபோனது. எழுந்து கதவைச் சாத்தினார். யாரையோ போனில் கூப்பிட்டார். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. உப்பு அம்மா வந்தார். ரின்ஸ் எய்டு அதிகாரி வந்தார். ஒரே கட்டடத்தில் பதினாலு வருடம் வேலை பார்த்த மூவரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லித் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். பிறகு என்னை நான்காம் மாடிக்கு, வாரியத் தலைவரிடம் அழைத்துப் போனார்கள்.

தலைவரின் அறையில் ஒரு டிஷ்வாஷர் இருந்தது. அதன் தட்டு அடுக்குகளில் கோப்புகள் வரிசையாகச் செருகியிருந்தன. நல்ல ஏற்பாடுதான். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி இடைவெளி.

தலைவர் மாத்திரையைத் தொடவில்லை. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தார்.

"தம்பி, இதை யார் கண்டுபிடிச்சாங்களோ, அவங்களுக்கு மனித மனசு தெரியலை. மூணு பொருள்னா மூணு பிரிவு. மூணு பிரிவுன்னா மூணு மாடி. மூணு மாடி இருக்கிறதாலதான் நாலாவது மாடிக்கு ஒரு அர்த்தம் இருக்கு. இப்ப மூணும் ஒண்ணுன்னு ஆயிட்டா, நான் எங்க உக்காருவேன்? தரையிலயா?" சற்று நிறுத்தி, ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "வாரியம் சுத்தத்துக்கு எதிரி இல்லை. நல்லாக் கேட்டுக்கோங்க. எங்களுக்குத் தெரியாம எதுவும் சுத்தமாயிடக் கூடாது, அவ்வளவுதான்."

"ஐயா, என் வீட்டுக்காரம்மா கை வெடிச்சுக் கிடக்கு. மாசக் கடைசிக்குள்ள ஆறலைன்னா அவ தையலை விட்டுடணும்."

"கைக்கு வேற துறை. எங்களுக்குப் பாத்திரம் மட்டும்தான்."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாத்திரையைக் கத்தியால் மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு மாடியில் தனித்தனியாக அனுமதிப்பது என்று முதலில் யோசித்தார்கள். சிவப்பு உருண்டை எந்த மாடிக்குச் சேரும் என்பதில் சண்டை வந்ததால் அதைக் கைவிட்டு, மாத்திரையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று அதிகாரிகளும் நேரில் வந்து என் வீட்டைப் பார்த்து அறிக்கை தருவார்கள் என்று தலைவர் உத்தரவிட்டார். நாள், மாதத்தின் கடைசி வெள்ளி.

வெள்ளிக்கிழமை என் மனைவியும் விடுப்பு எடுத்திருந்தாள். அதிகாரிகள் வந்ததும் சோதனை தொடங்கியது. கழுவுபொருள் அதிகாரி, வில்லன் உண்மையிலேயே வில்லன்தானா என்று அறிய, சட்டியில் மறுபடி பாலைப் பொங்கவைக்கச் சொன்னார். முட்டை ஒட்டும் தன்மையைப் பார்க்க ஆறு தட்டில் முட்டை. எண்ணெய்க்கு எட்டுக் கிண்ணம். ரின்ஸ் எய்டு அதிகாரி, வீட்டில் இருந்த டம்ளர்களில் எல்லாம் பாலும் டீயும் ஊற்றி, குடித்து, கவனித்தார். குடிப்பதும் சோதனையின் பகுதியாம். ஒரு மணி நேரத்தில் வீட்டில் அழுக்காகாத பாத்திரம் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. பிறகு ஆண் அதிகாரிகள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து, பதிவேட்டில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று விவாதிக்கத் தொடங்கினார்கள்.

சமையலறையில் தொட்டி நிறையப் பாத்திரம். என் மனைவி அதைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, சோப்புத் தண்ணீருக்குள் கையை விடப் போனாள்.

"கையை எடும்மா!"

உப்பு அதிகாரியின் குரல். ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். விரல்களைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வெள்ளை உறையைக் கழற்றினார்.

அந்த விரல்களும் அப்படியே வெடித்துக் கிடந்தன.

"மேடம், உங்களுக்கும்…" என்றாள் என் மனைவி.

"எட்டு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுலயும் மெஷின் இருக்கு. அதுலயும் முத்திரை இருக்கு. என் விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வரும். சொந்தக்காரங்க விண்ணப்பத்தை நான் பார்க்கக் கூடாதுன்னு விதி. எனக்கு என்னைவிட நெருங்கின சொந்தம் யாரு?"

"நீங்களே பிரிச்சுடக் கூடாதா?"

"அதிகாரி பிரிச்சா ஒழுங்கு மீறல். வேலை போயிடும்." என் பக்கம் திரும்பினார். "பொதுமக்கள் பிரிச்சா அது வெறும் அறியாமை. விதி நாப்பத்தொண்ணு. அறியாமைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். அந்தக் கடிதம் நாலு மாடியும் இறங்கி வர ஆறு வருஷம் ஆகும்."

"அப்ப நான் முதல் நாளே…"

"நீங்க கேக்கலையே சார். 'உப்பு குடுங்க'ன்னுதானே கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் வெளிய பார்க்கறேன். நீங்க அறியாம ஒரு காரியம் பண்ணுங்க."

வெண்ணெய் வெட்டுகிற கத்தியால் மூன்று அரக்கையும் நெம்பினேன். பத்து நொடிகூட ஆகவில்லை. அந்த அம்மா முகத்தைத் திருப்பாமலே தோல்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். பெரிய பரல் பரலாக உப்பு.

"பிரிவு ஆரம்பிச்சப்ப குடுத்த மாதிரிப் பெட்டி. முதல் தடவைங்கறதால குழியில தண்ணி ஊத்திட்டு அப்புறம் இதைக் கொட்டுங்க. சமையல் உப்பு மட்டும் போட்டுடாதீங்க, அடைச்சுக்கும். உங்க தண்ணிக்கு அந்த மாத்திரை மட்டும் பத்தாது. சுண்ணாம்பு அதிகம். குழாயைப் பார்த்ததுமே தெரிஞ்சது."

"சுண்ணாம்புன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"பதினாலு வருஷமா வேற என்ன சார் படிச்சேன்?" என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த தவிப்பைக் கேட்டபின் அவரோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

"ரின்ஸ் எய்டு?"

"அவர் பையில ஒரு சின்ன பாட்டில் இருக்கும். கேட்டாக் குடுக்க மாட்டார். எடுத்தாக் கவனிக்க மாட்டார்."

எடுத்தேன். கவனிக்கவில்லை. பாத்திரங்களை அடுக்கி, மாத்திரையை வைத்து, கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினேன். உள்ளே தண்ணீர் சுழன்று இரைந்தது.

"என்ன சத்தம் அது?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

என் மனைவி வாழ்க்கையில் பொய்யே சொல்லாதவள். "மழை சார்" என்றாள்.

ரின்ஸ் எய்டு அதிகாரி ஜன்னல் வழியே சுட்டெரிக்கும் வெயிலைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, 'ஆய்வின்போது மழை' என்று எழுதிக்கொண்டார்.

கையெழுத்து விவாதம் முடிவதற்கும் இயந்திரம் நிற்பதற்கும் சரியாக இருந்தது. கதவைத் திறந்து சூடு ஆறவிட்டு, முதல் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ரின்ஸ் எய்டு அதிகாரிக்குக் கொண்டுபோனேன். அவர் வழக்கப்படி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டம்ளர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தண்ணீர் மட்டும் தனியாக அவர் கையில் நின்றது போலிருந்தது. அவர் கண் கலங்கியது.

"வேலைக்குச் சேர்ந்தப்ப பயிற்சிப் புத்தகத்துல படத்துல பார்த்தது" என்று மெதுவாகச் சொன்னார். அந்தத் தண்ணீரைக் குடிக்க அவருக்கு மனமே வரவில்லை.

மூவரும் கையெழுத்திட்ட அறிக்கை நான்காம் நாள் வந்தது. 'விண்ணப்பதாரரின் வீட்டிலுள்ள பாத்திரங்கள் அனைத்தும் மிகவும் சுத்தமாக இருப்பது நேரில் கண்டறியப்பட்டது. எனவே பாத்திரங்கழுவி அவருக்குத் தேவையில்லை. மூன்று விண்ணப்பங்களும் நிராகரிக்கப்படுகின்றன.'

அதை மடித்துப் பத்திரமாக வைத்துவிட்டு, பொருத்தியவர் தன் பேரை இழுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தனுப்பிய மாத்திரை டப்பாவைத் திறந்துகொண்டு, தட்டுகளை உள்ளே அடுக்கப் போனேன்.

மாதம் அதற்குள் முடிந்திருந்தது. நானே தையல் கடைக்குப் போய்க் கடைக்காரம்மாவிடம் இன்னும் மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். அவர் தந்தார். எந்தப் படிவமும் நிரப்பச் சொல்லவில்லை என்பதால் வெளியே வந்தபின்னும் கொஞ்ச நேரம் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. மூன்றாவது வார முடிவில் என் மனைவி ஒரு முழப் பட்டுத்துணியை மேசையில் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து விரலையும் அதன் மேல் ஓட்டினாள். சிக்கவில்லை. இன்னொரு முறை ஓட்டினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஞாயிறு உப்பு அம்மாவின் வீட்டுக்குப் போய் அறியாமல் ஒரு காரியம் செய்துவிட்டு வந்தேன். அதற்கடுத்த ஞாயிறு கழுவுபொருள் அதிகாரி வீடு. அப்புறம் ரின்ஸ் எய்டு வீடு. இப்படி நான் அறியாமையில் நல்ல தேர்ச்சி பெற்றுவந்த சமயத்தில், ஒருநாள் வாரியத் தலைவரே போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஒழியுமா தம்பி?" என்றார்.

"போகமாட்டேன்" என்றேன் என் மனைவியிடம். "கைக்கு வேற துறைன்னு சொன்ன ஆளு."

"அவர் சொன்னாரு, சரி. அவர் வீட்டுல கழுவறவங்க கை என்னங்க பாவம் பண்ணுச்சு? போயிட்டு வாங்க" என்று வெண்ணெய்க் கத்தியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

போனேன். கதவைத் திறந்தவர் தலைவர்தான். சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்தார். முழங்கைவரை சோப்பு நுரை. விரல்கள் சிவந்து தடித்திருந்தன. வீட்டில் வேறு யாரும் இருக்கிற சத்தமே இல்லை. நான் அவர் கையைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள, நான் மூன்று முத்திரையையும் எடுத்தேன். அரக்குத் தூளைத் துடைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. உடைச்சதுக்கு ஒரு ரசீது எழுதிக் குடுத்துடுங்களேன். கோப்புல எதுவுமே இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது."